ஊர் இல்லாத ரயில்



பாலைவனம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பெரும்பாலோர் உள்ளத்தில் எழுவது ஒரே சித்திரம்தான். மணல், வெயில், கானல், தொலைவில் ஓர் ஒட்டகம். அச்சித்திரத்தை எங்கிருந்து பெற்றோம் என்று நாம் கேட்டுக்கொள்வதில்லை. பள்ளிப் புத்தகத்திலிருந்து பெற்றவர் சிலர். திரைப்படத்திலிருந்து பெற்றவர் பலர். எங்கள் வீட்டுப் பிள்ளையோ ஜோத்பூரிலேயே பிறந்தவன். தார்ப் பாலையின் விளிம்பில் பத்தாம் வகுப்பு வரை படித்துவிட்டான். ஆயினும் பாலைவனம் என்றால் அவன் கண்முன் வருவது வீட்டுக்கு வெளியே இருப்பதன்று. ஒரு வீடியோ விளையாட்டில் வருவது. அந்த விளையாட்டுப் பாலைவனத்தைப் பற்றியே இன்று உங்களோடு சிறிது நேரம் பேச எண்ணியுள்ளோம்.

இது ஒரு பேச்சுக்குரிய விஷயமா என்று முதலில் எங்களுக்கே ஐயம் இருந்தது. ஆனால் வெளி மாநிலங்களில் குடும்பம் நடத்தும் நம் போன்றோருடைய வீடுகளில் மாலை வேளையில் நடப்பதைப் பேசவேண்டுமாயின், தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்து பொத்தான்களை அழுத்திக்கொண்டிருக்கும் காட்சியை விட்டுவிட முடியாது.

விளையாட்டின் பெயர் மரியோ கார்ட். கார்ட் என்பது தரையோடு தரையாக ஓடும் சிறு பந்தய வண்டி. ஜப்பானில், கியோத்தோ நகரத்தைச் சேர்ந்த நின்டெண்டோ நிறுவனத்தார் 1992ஆம் ஆண்டில் இவ்வரிசையின் முதல் விளையாட்டை வெளியிட்டனர். நாங்கள் சொல்லவிருக்கும் பாதை 1996 டிசம்பரில் வந்த மரியோ கார்ட் 64 என்னும் இரண்டாம் விளையாட்டில் உள்ளது. அதை இயக்கியவர் ஹிதேகி கொன்னோ. தயாரிப்பாளர் மரியோ என்னும் பாத்திரத்தைப் படைத்த ஷிகேரு மியாமோட்டோ. எட்டு வண்டிகள் ஓடும்; மூன்று சுற்று; முதலில் வருபவருக்கு ஒன்பது புள்ளி. நான்கு பாதைகள் சேர்ந்தது ஒரு கோப்பை. முதற்கோப்பையின் நான்காவது பாதை ‘கலிமாரி பாலைவனம்’. கால் நூற்றாண்டுக்கு முந்திய அவ்விளையாட்டு 2021 அக்டோபர் முதல் அந்நிறுவனத்தின் புதிய கருவியிலும் சந்தா கட்டி ஆடக் கிடைக்கிறது. எங்கள் பிள்ளை கற்றதும் அவ்வாறே.

பாதையில் வியப்பூட்டும் வளைவுகள் இல்லை. செம்மண் நிலம். ஓரங்களில் கை விரித்து நிற்கும் உயரமான கள்ளிகள். மோதினால் வண்டி நிலைகுலையும். தொலைவில் மேசைபோல் தட்டையான தலையுடைய சிவந்த குன்றுகள். இவற்றோடு நின்றிருந்தால் இப்பாதையை இத்தனை பேர் நினைவில் வைத்திருக்கமாட்டார்கள். அதைப் பிறவற்றிலிருந்து வேறுபடுத்துவது ரயில்தான். பந்தயப் பாதைக்குக் குறுக்கே இருப்புப்பாதை ஒன்று வளைந்து செல்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அதனை இருமுறை கடந்தாகவேண்டும். புகை கக்கும் நீராவி எஞ்சின் பெட்டிகளை இழுத்துக்கொண்டு, பந்தயம் என்று ஒன்று நடப்பதையே அறியாததுபோல் தன் பாட்டுக்கு வருகிறது. எச்சரிக்கை மணி ஒலிக்கும். ஆனால் தடுப்புக் கதவு இல்லை. நிற்பதும் பாய்வதும் ஓட்டுபவர் பொறுப்பு. ரயிலில் மோதினால் வண்டி வானத்தில் எறியப்பட்டு விழும். சில வினாடிகள் போகும். பிறகு எழுந்து ஓடலாம். இருவராகவோ நால்வராகவோ சேர்ந்து ஆடினால் ரயிலின் பெட்டிகள் குறைந்துவிடும். திரையைப் பல கூறாகப் பிரித்துக் காட்டும் சுமையில் கருவி திணறிவிடாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. கூட்டம் கூடினால் பெட்டிகளைக் குறைக்கும் ரயிலை நாங்கள் வேறெங்கும் கண்டதில்லை.

ஆண்டுதோறும் சில மாதம் எங்களோடு வந்து தங்கும் பாட்டி மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தவர். ஒரு நாள் பேரன் ஆடுவதைப் பின்னால் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் சுற்று முடியும் சமயத்தில், “ஏண்டா கண்ணா, இந்த ரயில் எந்த ஊருக்குப் போகிறது? ஒரு ஸ்டேஷனையும் காணோமே!” என்றார். பிள்ளை சிரித்தான். “ஊரெல்லாம் கிடையாது பாட்டி, சும்மா சுற்றும்” என்றான். “ஊர் இல்லாமல் எதற்கு ரயில்?” என்று கேட்டுவிட்டுப் பாட்டி வெண்டைக்காய் நறுக்கப் போய்விட்டார்.

கேள்வி எங்களை விடவில்லை. அதன்பிறகு அப்பாதையை நாங்களும் கவனித்துப் பார்க்கத் தொடங்கினோம்.

முதலில் பெயர். ஜப்பானியர் அதற்கிட்ட பெயர் ‘காராகாரா சபாக்கு’. காய்ந்து வறண்ட பாலை என்று பொருள். ஆங்கிலத்தில் வெளியிட்டவர்கள் அதைக் கலிமாரி ஆக்கினர். ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைவனத்தையும், உணவு விடுதிகளில் வறுத்துத் தரும் கலமாரி என்னும் கடல் உயிரையும் ஒட்டவைத்த வேடிக்கை அது. கலமாரியை நம் கடற்கரையில் கணவாய் என்பார்கள். மலைகளுக்கு இடையிலான வழிக்கும் நம் மொழியில் கணவாய் என்றே பெயர். ஆகவே குன்றும் குகைவழியும் உள்ள இப்பாதைக்கு அப்பெயர் ஆங்கிலத்தைவிடத் தமிழில்தான் பொருந்துகிறது! வேடிக்கை ஒருபுறமிருக்க, கலஹாரி என்ற பெயர் பெருந்தாகம் எனப் பொருள்படும் ட்ஸ்வானா மொழிச் சொல்லிலிருந்து வந்ததென்பர். தாகத்தின் பெயரோடு கடல் உயிரின் பெயரைச் சேர்த்தவர் இதை அறிந்து செய்தாரோ அறியாமல் செய்தாரோ.

உண்மையான கலஹாரி போட்ஸ்வானா நாட்டின் பெரும்பகுதியிலும் நமீபியா, தென்னாப்பிரிக்கா ஆகியவற்றின் சில பகுதிகளிலும் பரந்து கிடப்பது. அங்கே மழை பெய்கிறது, புல் வளர்கிறது, வேலமரங்கள் நிற்கின்றன. பெய்த நீரை மணல் உறிஞ்சிவிடுவதால் நிலத்தின்மேல் தண்ணீர் நிற்பதில்லை என்பதுதான் அதன் வறட்சி. அந்த மண்ணில் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்துவருபவர்கள் சான் மக்கள். தீக்கோழி முட்டையோட்டில் நீரைச் சேமிக்கவும், எந்தக் கொடியின் கிழங்கில் ஈரம் இருக்கும் என்று கண்டு தோண்டவும் கற்றவர்கள். மத்திய கலஹாரி வனவிலங்குக் காப்பகம் 1961இல் அமைக்கப்பட்டது. 1997இலும் 2002இலும் அரசினர் சான் மக்களை அங்கிருந்து வெளியேற்றினர். அம்மக்கள் வழக்குத் தொடுத்தனர். 2006 டிசம்பரில் போட்ஸ்வானா உயர் நீதிமன்றம் அவ்வெளியேற்றம் சட்டத்துக்குப் புறம்பானதென்று தீர்ப்பளித்தது. வெற்று நிலம் என்று மற்றவர் எண்ணிய இடத்தைத் தங்கள் ஊர் என்று மெய்ப்பிக்க ஒரு சமூகம் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

ஆனால் கலிமாரியில் கலஹாரியின் பெயர் மட்டுமே இருக்கிறது. காட்சி ஒன்றுகூட இல்லை. கைவிரித்த கள்ளி சகுவாரோ எனப்படுவது. அமெரிக்காவின் அரிசோனாவிலும் மெக்சிகோவின் சொனோராவிலும் பரவியுள்ள சொனோரப் பாலையில்தான் அது பெரும்பாலும் வளர்கிறது. அதன் உடலில் விசிறி மடிப்புகள்போல் வரிகள் உண்டு, மழை பெய்தால் மடிப்பு விரிந்து நீரைத் தேக்கிக்கொள்ளும், வறட்சியில் சுருங்கும். முதற்கை முளைக்கவே அதற்கு ஐம்பது, எழுபது ஆண்டுகள் செல்லும். இரவில் மலரும் அதன் பூக்களை வௌவால்கள் நாடிவரும். கோடையில் அதன் பழத்தை நீண்ட கழியால் பறித்துப் பாகு காய்ச்சும் ஓதம் மக்களுக்கு அப்பழக்காலமே ஆண்டுப் பிறப்பு. ஆட்டத்தில் அது வண்டியைக் கவிழ்க்கும் ஒரு கம்பம்.

குன்றுகளோ வேறோரிடத்துக் குன்றுகள். அரிசோனாவும் யூட்டாவும் சந்திக்கும் எல்லையில், நவாஹோ மக்களின் நிலத்தில், மான்யுமென்ட் பள்ளத்தாக்கு என்று ஓரிடம் உண்டு. கெட்டியான பாறை மேலும் மெதுவான பாறை கீழுமாக அடுக்கப்பட்ட நிலம் அது. காற்றும் நீரும் அடிப்பகுதியை அரிக்க அரிக்க மேற்பாறை பாளம்பாளமாகச் சரியும். எஞ்சி நிற்பவைதாம் அந்தத் தட்டைத் தலைக் கோபுரங்கள். அவற்றின் செம்மை இரும்பின் துரு. ஜான் ஃபோர்டு என்னும் இயக்குநர் 1939இல் வெளிவந்த ‘ஸ்டேஜ்கோச்’ படத்துக்காக அங்கே காமிராவைக் கொண்டுபோனதிலிருந்து, உலகெங்கும் பாலைவனம் என்றால் அக்குன்றுகள் என்றாகிவிட்டது. அவ்விடத்தில் பனிக்காலம் கடுமையானது. சகுவாரோ அங்கே பிழைக்காது. அப்பள்ளத்தாக்கின் வழியாக இருப்புப்பாதையும் செல்லவில்லை.

ஆக, ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு பெயர், சொனோராவிலிருந்து ஒரு கள்ளி, நவாஹோ நாட்டிலிருந்து ஒரு குன்று, பழைய அமெரிக்கத் திரைப்படத்திலிருந்து ஒரு ரயில். நல்ல மழை பெய்யும் கியோத்தோவில் அமர்ந்து இவற்றைக் கோத்திருக்கிறார்கள். கோத்ததை நாங்கள் குற்றம் சொல்லவில்லை. விளையாட்டுக்குப் பூகோளப் பாடம் கடனில்லை. அன்றியும் கோவை அழகாகவே இருக்கிறது. ரயில் குறுக்கே வரும் கணத்தில் எங்களுக்கும் நெஞ்சு படபடக்கத்தான் செய்கிறது. குறை அக்கோவையில் விடுபட்டதில் இருக்கிறது. நான்கு இடங்களிலிருந்தும் பொருள்களை எடுத்தவர்கள், நான்கு இடங்களிலிருந்தும் மனிதர்களை விட்டுவிட்டார்கள். பாட்டி கண்டது அதைத்தான்.

மேலும், நீராவி எஞ்சின் என்பது தண்ணீர் குடிக்கும் பிராணி. குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை அதற்குத் தண்ணீர் நிரப்பியாகவேண்டும். ஆகவே பாலையில் ரயில் விட்டவர்கள் முதலில் தேடியது கிணற்றைத்தான். கிணறு கண்ட இடத்தில் ஒரு தொட்டி, தொட்டிக்கு ஒரு காவலாள், காவலாளுக்கு ஒரு குடிசை, குடிசைக்குப் பக்கத்தில் ஒரு கடை. 1869இல் அமெரிக்காவின் இரு கரைகளையும் இணைத்த ரயில் வறண்ட நாட்டினூடே சென்ற வழியெங்கும் இப்படித்தான் ஊர்கள் முளைத்தன. ஊர் இருப்பதால் ரயில் என்பது நம் காவிரிக்கரை அனுபவம். பாலையிலோ பலவிடத்தில் ரயில் வந்ததால் ஊர். ஊரில்லாத நீராவி ரயில் மட்டும் எங்கும் ஓட இயலாது.

எங்கள் ஜோத்பூரைச் சுற்றியுள்ள நிலமும் பாலைதான். உலகப் பாலைகளுள் மக்கள் மிக நெருங்கி வாழ்வது தார் என்று சொல்வார்கள். இங்கே வந்த புதிதில் எங்களுக்கு அது நம்பத்தகாததாக இருந்தது. பிறகு கண் பழகியது. முதலில் பழகியது ஒரு மரத்துக்கு. கேஜ்ரி என்று இவர்கள் போற்றும் மரத்தைப் பார்த்து, எங்கோ கண்டதாயிற்றே என்று நெடுநாள் எண்ணியிருந்தோம். பாட்டிதான் வந்த மறுநாளே, “இது வன்னி மரமல்லவா?” என்றார். நம் ஊர்ச் சிவன் கோயில்களில் தலமரமாக நிற்கும் அதே வன்னி! இங்கே அதன் காயைச் சாங்க்ரி என்று கறி சமைக்கிறார்கள். தழை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீனி. நிழலில் கம்பு விளைகிறது. 1730இல் அரண்மனை வேலைக்காக இம்மரங்களை வெட்ட வந்தபோது, ஜோத்பூருக்கு அருகே கேஜர்லி கிராமத்தில் அம்ரிதா தேவி என்னும் பெண்மணி மரத்தைக் கட்டிக்கொண்டு உயிர்விட்டார். அவர் வழியில் உயிர்நீத்த பிஷ்னோய் மக்கள் மொத்தம் 363 பேர் என்று இன்றும் கணக்குச் சொல்லி வணங்குகிறார்கள்.

ரயில் கதையும் இங்கு உண்டு. ஜோத்பூரிலிருந்து எழுபது கிலோமீட்டர் தொலைவில் பாலி என்று ஒரு நகரம். அதற்குக் குடிநீர் தரும் ஜவாய் அணை மழை பொய்த்து வற்றியபோது, 2022 ஏப்ரலில் இங்கிருந்து அங்கே தண்ணீரை ரயிலில் அனுப்பினார்கள். பெட்டி பெட்டியாக வெறுந்தண்ணீர். அச்செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது பாட்டி இங்கேதான் இருந்தார். “பார்த்தாயா, இந்த ரயிலுக்கு ஊர் இருக்கிறது” என்று பேரனிடம் சொன்னார்.

இனிச் சொல்லப்போவது எங்கள் வீட்டு விஷயம். சென்ற குளிர்காலத்தில் ஒரு திருமணத்துக்காகப் பார்மேர் சாலையில் காரில் சென்றுகொண்டிருந்தோம். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. இவ்வூரார் அதை ‘ஃபாடக்’ என்பார்கள். நம் நாட்டு அகலப்பாதைகளில் ஆளில்லாத கடவுகள் யாவும் 2019 ஜனவரிக்குள் நீக்கப்பட்டுவிட்டன. ஆகவே அங்கே காவலாளும் இருந்தார், கதவும் இருந்தது. ஆயினும் மோட்டார் சைக்கிள்காரர்கள் வண்டியைச் சாய்த்துக் கம்பத்துக்கு அடியில் நுழைந்து போய்க்கொண்டிருந்தார்கள். தண்டவாளத்துக்கு அப்பால் ஒரு கடையில் மிளகாய் வடை கொதிக்கும் எண்ணெயில் பொரிந்துகொண்டிருந்தது. எங்கள் பிள்ளை கதவைத் திறந்து இறங்கினான். கூப்பிடுவதற்குள் கம்பத்துக்கடியில் குனிந்து அப்பால் போய்விட்டான். தண்டவாளத்தின் நடுவில் நின்று, இரு பக்கமும் ஒரு பார்வை பார்த்து, எங்களை நோக்கிக் கையசைத்துச் சிரித்துவிட்டுப் பின்னர்த்தான் கடந்தான். அவன் கடை வாசலை அடையவும் வளைவில் எஞ்சினின் ஊதல் கேட்கவும் சரியாக இருந்தது. அதன்பின் எங்களுக்கும் அவனுக்கும் இடையே சரக்கு ரயில் ஓடிற்று. அத்தனை பெட்டிகளை நாங்கள் அதற்குமுன் எண்ணியதில்லை. எண்ணியும் எத்தனை என்று நினைவில்லை.

கேட் திறந்ததும் பொட்டலத்தோடு வந்தான். “நேரம் இருந்ததப்பா, கணக்குப் போட்டுத்தான் போனேன்” என்றான். எங்களில் ஒருவருக்குக் கோபமும் மற்றவருக்குக் கண்ணீரும் வந்தன. பேச்சு வரவில்லை. பேசியவர் பாட்டிதான். “உன் விளையாட்டிலே மிஷின் ஓட்டுகிற வண்டிகூட ரயிலுக்கு நிற்கிறதேடா” என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. நாங்கள் அதுவரை கவனியாதது. கலிமாரியில் கணிப்பொறி ஓட்டும் எதிராளிகளை, ரயில் கடக்கும்போது நிற்குமாறே அமைத்திருக்கிறார்கள். பந்தயத்தில் தோற்றாலும் அவை வரிசையாக நின்று வழிவிடுகின்றன. பாய்ந்து முந்திச் செல்லும் சலுகை மனிதனுக்கு மட்டும் தரப்பட்டுள்ளது. ஏனெனில் அவனுக்கு அதில்தான் இன்பம். ஜப்பானில் ரயில்வே கடவு என்றால் கார்கள் ஒருமுறை நின்று பார்த்த பிறகே கடக்கவேண்டும் என்பது சட்டம். அந்நாட்டில் வளர்ந்தவர்கள் எழுதிய நிரலில் அப்பழக்கமும் வந்து சேர்ந்ததோ என்று எங்களுக்குத் தோன்றுகிறது. வடையை அன்று பாட்டி தொடவில்லை.

விளையாட்டைத் தடுத்துவிட்டீர்களா என்று கேட்பீர்கள். இல்லை. அவன் பாய்ந்ததற்கு விளையாட்டு காரணம் என்று சொல்ல எங்களுக்கு மனமில்லை. கம்பத்துக்கடியில் வண்டியைச் சாய்த்த பெரியவர்கள் எவரும் கலிமாரியைக் கண்டவரல்லர்.

இப்பாதை பின்னும் பலமுறை திரும்ப வந்திருக்கிறது. 2011இல் வெளியான ஏழாம் விளையாட்டில் மீண்டும் வந்தது. 2022 ஆகஸ்டில் எட்டாம் விளையாட்டின் இணைப்பாக வந்தபோது ஒரு மாறுதல் செய்தார்கள். பழைய ஆட்டத்தில் ரயில் நுழையும் குகைக்குள் பந்தயப் பாதை செல்வதில்லை. பந்தயத்தை விட்டுவிட்டு, இருளுக்குள் என்ன இருக்கிறதென்று தண்டவாளத்தின்மேல் வண்டியை ஓட்டிப் பார்த்த பிள்ளைகள் எல்லா நாடுகளிலும் இருந்தார்கள். புதிய பதிப்பில் அப்பிள்ளைகளின் வழியையே பாதையாக்கி, தண்டவாளத்திலும் குகையினுள்ளும் ஓடவைத்துவிட்டார்கள். குகைக்கு அப்பால் ஊர் இருக்கும் என்று எங்கள் பிள்ளை பாட்டியிடம் பந்தயம் கட்டியிருந்தான். பந்தயத்தில் பாட்டி வென்றார்.

பங்குனியில் பாட்டி ஊருக்குப் புறப்பட்டார். ஜோத்பூரின் பகத் கி கோதி நிலையத்திலிருந்து மன்னார்குடிக்கு வாரம் ஒரு நேர் ரயில் உண்டு. இப்பக்கத்துத் தமிழர் பலருக்கு அதுவே பிறந்தகத்து வாசல். பிள்ளையும் வழியனுப்ப வந்தான். பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு மேடையில் இறங்கி, பெட்டியின் பக்கத்தில் மாட்டியிருந்த பலகையைப் பார்த்தான். இந்தியில் படித்தான், ஆங்கிலத்தில் படித்தான். பிறகு தமிழில், ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, ம, ன், னா, ர் என்று உரக்கப் படிக்கத் தொடங்கினான். சன்னலுக்கு உள்ளிருந்து பாட்டி அவன் முடிக்கும்வரை காத்திருந்தார்.